போத்தல்காரரின் தராசில் போட முதல்: பழைய இரும்புத் தாச்சியை மீட்பதும் கைமாற்றுவதும்

கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பழைய வீடுகள் இடிபட்டு அடுக்குமாடிகள் எழும்பும்போது, குசினிப் பரணிலிருந்து இறங்கும் இரும்புச் சாமான்கள் அநேகமாகப் போத்தல்-பேப்பர்காரரின் தராசில்தான் போய் விழுகின்றன. அப்பத் தாச்சி, தோசைக்கல், பொரிக்கிற பெரிய தாச்சி எல்லாவற்றுக்கும் அங்கே ஒரே கிலோ விலை. துருவைக் கண்டதும் "இது முடிஞ்சுது" என்று வீட்டார் கைவிட்டுவிடுகிறார்கள். ஆனால் துரு மேலோடு நிற்கிற விஷயம். தாச்சி முழுவதும் செம்மண் நிறமாகிக் கிடந்தாலும் அதைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். மீளவே முடியாதபடி கெடுவது வேறு காரணங்களால், அதிலும் முக்கியமாக மீட்கிறோம் என்று நெருப்பில் போடுவதாலும் கிரைண்டர் பிடிப்பதாலும். எவ்வளவு குறைவாகச் சுரண்டி, எவ்வளவு குறைவாகச் சூடாக்கி வேலையை முடிக்கலாமோ அவ்வளவுக்கு நல்லது. கீழே சொல்வதெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

எடுக்கலாமா, விடலாமா

முதலில் ஒரு காந்தம் வேண்டும். புகையும் எண்ணெயும் ஏறிய வார்ப்பு அலுமினியத் தாச்சி பார்வைக்கு இரும்பு போலவே கறுத்திருக்கும். காந்தம் ஒட்டாவிட்டால் இங்கே சொல்கிற முறைகள் அதற்கு ஆகாது. அழுக்கு எடுக்கப் பாவிக்கும் கடும் காரமான கோஸ்டிக் சோடாத் தண்ணீரில் போட்டால் அலுமினியம் நுரைத்துக் கரைந்தே போகும். காந்தம் ஒட்டினால் அடுத்தது, வார்ப்பா தகடா என்று பார்ப்பது. தகட்டை அடித்துக் குழித்த தாச்சி மெல்லியது, விழுந்தால் நெளியும். வார்ப்பிரும்பு மணல் அச்சில் உருக்கி ஊற்றியது. அடிப்புறத்தில் மணற் பொருக்கின் அடையாளம் தெரியும், கையில் கனக்கும், நெளியாமல் உடையும். அதில் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை கார்பன் உண்டு. அந்தக் கார்பன் பெரும்பாலும் பென்சில் கரி போன்ற செதில்களாக உள்ளே கிடப்பதால்தான் அது இழுவையையும் அடியையும் தாங்குவதில்லை. இங்கிலாந்தில் ஏபிரகாம் டார்பி 1707இல் மணல் அச்சில் இரும்புப் பானை வார்க்கக் காப்புரிமை பெற்றார். இன்றைக்கும் மணல் அச்சில்தான் இந்தச் சாமான்கள் பெரும்பாலும் வார்க்கப்படுகின்றன. பழையது, புதியது என்ற வித்தியாசமெல்லாம் வார்த்த பிறகு உட்புறத்தைக் கடைந்து வழவழப்பாக்கினார்களா இல்லையா என்பதில்தான் அதிகம்.

அடுத்தது வெடிப்பு. தாச்சியை ஒரு விரலில் தொங்கவிட்டு அகப்பைக் காம்பால் தட்டுங்கள். கோயில் மணி போல இழுத்து ஒலித்தால் நல்லது. "டக்" என்று செத்த சத்தம் வந்தால் எங்கோ வெடித்திருக்கிறது. தடித்த அழுக்குப் படையும் சத்தத்தை விழுங்கும் என்பதால், அழுக்கு எடுத்த பிறகு ஒருமுறை மறுபடி தட்டிப் பாருங்கள். அப்போதும் சந்தேகமிருந்தால், அடுப்பு ஏதும் எரியாத இடத்தில் வைத்து, மண்ணெண்ணெயைத் துணியில் தொட்டு விளிம்பிலும் கைப்பிடியின் அடியிலும் பூசிப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு உலரத் துடைத்துவிட்டு வெள்ளைச் சோக்கை மேலே தேயுங்கள். வெடிப்புக்குள் போன மண்ணெண்ணெய் ஊறிவந்து சோக்கில் மயிரிழைபோல் ஈரக் கோடு காட்டும். வெடித்த தாச்சியை ஒட்டிக்கொடுக்கிறேன் என்று சொல்லும் வெல்டிங் கடைகள் உண்டு. வார்ப்பிரும்பு ஒட்டுவதற்கு நிக்கல் கம்பியும், முழுத் தாச்சியையும் முன்கூட்டிச் சூடாக்கி மெதுவாக ஆறவிடும் பக்குவமும் வேண்டும். அது சரிவந்தாலும் ஒட்டுக்கு மேல் சமைப்பது நல்லதல்ல. வெடித்ததைப் பூச்சாடியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சமதளம் பார்ப்பது தோசைக்கல்லுக்கு மட்டும். நிலத்து டைலில் வைத்து விளிம்பை அமத்தினால் ஆடுகிறதா என்று பாருங்கள். சிறு ஆட்டம் காஸ் அடுப்பில் தெரியாது. கண்ணாடி மேல்தள அடுப்பிலும் இன்டக்‌ஷனிலும் அது நடுவில் மட்டும் தொட்டுச் சுழன்றுகொண்டே இருக்கும்.

நெருப்பில் கிடந்த இரும்பை நிறத்திலேயே கண்டுபிடிக்கலாம். துருவின் செம்மஞ்சள் வேறு, இது வேறு. செங்கல் தூளும் சாம்பலும் கலந்த மாதிரி மங்கலான இளஞ்சிவப்பு. வினாகிரியில் போட்டாலும் அந்த நிறம் போகாது, எண்ணெயைச் சூட்டில் காயவைத்துப் படலம் ஏற்றினாலும் அது சில நாளில் உரிந்துவிடும். அழுக்குப் போக விறகுத் தணலில் போட்டு எரிப்பது ஊரில் பழைய வழக்கம்தான். ஆனால் அப்படி எரித்து நெளிந்ததையோ இந்த நிறமானதையோ வீட்டில் பழைய நிலைக்குக் கொண்டுவர வழியில்லை.

கடைசியாக ஈயம். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. முகத்துவாரம் போன்ற கரையோரங்களில் வலைக்கு ஈயக் குண்டு வார்ப்பவர்கள், கைக்குக் கிடைத்த குழிவான இரும்புச் சட்டியில்தான் ஈயம் உருக்குவார்கள். பழைய பட்டரித் தகடு உருக்கியவர்களும் உண்டு. உட்புறத்தில் வெள்ளி போல மின்னும் மெல்லிய சொட்டு, நகத்தால் கீறினால் கீறுபடும் சாம்பல் படிவு, ஆழமான சின்னச் சட்டி, எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஆளில்லை என்றால் சமையலுக்கு எடுக்காதீர்கள். தேய்த்துப் பார்க்கவும் வேண்டாம், சூடாக்கிப் பார்க்கவும் வேண்டாம். வீட்டில் எந்த முறையாலும் அதைப் பாதுகாப்பானதாக்க முடியாது. வெளிப்புறம் பெயின்ட் பூசிய பழைய சாமானையும் உலர உரசக் கூடாது. பழைய பெயின்ட்களில் ஈயம் இருந்தது.

இன்னொன்று: ஆங்கிலேயர் காலத்துச் சில வார்ப்பிரும்புப் பானைகளின் உட்புறம் வெள்ளீயம் பூசியது, சிலது எனாமல். வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகிவிடும். அதனால் கீழே சொல்லும் ஓவன் முறை அவற்றுக்கு ஆகாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, உலர்த்தி, அலுமாரியில் வையுங்கள்.

அழுக்கு வேறு, துரு வேறு

இரண்டையும் ஒரே மருந்தால் எடுக்கப் பார்ப்பதுதான் வேலை கெடுவதற்கு முதற் காரணம். கருகிய எண்ணெய்ப் படையைக் காரம் எடுக்கும், துருவை அது தொடாது. துருவை அமிலமோ மின்சாரமோ எடுக்கும், ஆனால் எண்ணெய்ப் படை மூடியிருந்தால் அமிலம் உள்ளே போகாது. ஆகவே அழுக்கு முதலில், துரு பிறகு.

அழுக்குக்குக் கோஸ்டிக் சோடா. பழைய சோனகத் தெருவின் ஹாட்வெயார் கடைகளில் கேட்கலாம். வாங்கும்போது தனிக் கோஸ்டிக் சோடாவா என்று பாருங்கள். குழாய் அடைப்பு எடுக்கும் தூள்கள் சிலவற்றில் அலுமினியத் துகள் கலந்திருக்கும், அவை ஆகா. மூடியுள்ள 20 லீற்றர் பெயின்ட் வாளியில் 18 லீற்றர் தண்ணீர் விட்டு, அதில் 450 கிராம் கோஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி மரத்தடியால் கலக்குங்கள். லீற்றருக்கு 25 கிராம் என்பது கணக்கு. எப்போதும் தண்ணீரில் கோஸ்டிக்கைத்தான் போட வேண்டும். கோஸ்டிக்கின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். முழங்கை வரை ரப்பர் கையுறை, கண்ணாடி, மூடிய செருப்பு இல்லாமல் தொடாதீர்கள். தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் பதினைந்து இருபது நிமிடம் பிடிக்க வேண்டும், கண்ணில் பட்டால் அப்படியே கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாளியின் மேல் என்ன இருக்கிறதென்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, பிள்ளைகளும் பூனையும் போகாத இடத்தில் மூடி வையுங்கள்.

தாச்சியின் மரக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு ஒரு கம்பியில் கட்டி உள்ளே இறக்குங்கள். கொழும்பு வெக்கைக்கு இது குளிர்நாடுகளைவிட விரைவாக வேலை செய்யும். மெல்லிய படை மூன்று நாளில் இளகும், விரல் தடிப்பில் கருகியது ஒரு கிழமை எடுக்கும். எடுத்துத் தேங்காய்த் தும்பால் தேய்த்தால் கறுத்த சேறாக வழியும். வழியாத இடம் இருந்தால் மீண்டும் இறக்குங்கள். கத்தியால் சுரண்டி அவசரப்படுத்த வேண்டாம், அவசரத்துக்கு இந்த வேலையில் இடமில்லை. அதே கரைசலைப் பல தாச்சிகளுக்குப் பாவிக்கலாம்.

துருவுக்கு வருவோம். மேலோட்டமான துரு என்றால் தும்பும் மெல்லிய ஸ்டீல் வூலும் சவர்க்காரத் தண்ணீரும் போதும். தோசைக்கல்லில் திட்டுத்திட்டாக உள்ள துருவுக்குப் பழப்புளியைக் கரைத்துக் கெட்டியாகப் பூசி இருபது நிமிடம் விட்டுத் தேய்த்தால் போகும். உப்பும் தேசிக்காயும் போட்டுத் தேய்ப்பதும் உண்டு, தேசிக்காயில் பிழையில்லை. ஆனால் உப்பின் குளோரைட் இரும்பின் நுண்துளைகளில் தங்கினால் அடுத்த கிழமை அதே இடத்தில் துரு திரும்பும். உப்பைத் தவிருங்கள்.

முழுவதும் துருவேறியதற்கு வினாகிரி. வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து, தாச்சி முழுவதும் மூழ்க விட வேண்டும். பாதி மூழ்கினால் தண்ணீர் மட்டத்தில் அழியாத கோடு விழும். முப்பது நிமிடத்தில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். இன்னும் இருந்தால் இன்னொரு முப்பது நிமிடம். ஒரே மூச்சில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விடக் கூடாது. "இரவு முழுக்க ஊறட்டும்" என்று விடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. துரு தீர்ந்ததும் அமிலம் இரும்பைத் தின்னத் தொடங்கும். காலையில் பார்த்தால் மேற்பரப்பு சாம்பல் நிறத்தில் பொரிபொரியாக இருக்கும், அந்தக் குழிகள் இனி ஒருநாளும் நிரம்பாது. வேலை முடிந்ததும் ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்துக் கழுவினால் மிச்ச அமிலம் அடங்கும்.

நான்கைந்து தாச்சி சேர்ந்துவிட்டால், அல்லது குழி விழுந்த பழைய துரு என்றால், மின்சார முறைதான் சிறந்தது. அது துருவை மட்டும் எடுக்கும், நல்ல இரும்பைத் தின்னாது, மறந்து விட்டாலும் தாச்சிக்குக் கேடில்லை. பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், 4 லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி வோஷிங் சோடா. வோஷிங் சோடா கிடைக்காவிட்டால் அப்பச்சோடாவைத் தட்டில் பரப்பி 200 பாகை ஓவனில் ஒரு மணித்தியாலம் வைத்தால் அது வோஷிங் சோடாவாகிவிடும். 12 வோல்ட் பழைய மாதிரி பட்டரி சார்ஜர் ஒன்று வேண்டும், பஞ்சிகாவத்தைக் கடைகளில் தேடிப் பாருங்கள். பட்டரி இருக்கிறதா என்று தானாகச் சோதிக்கும் புதிய சார்ஜர்கள் இதற்கு உதவா. கறுப்பு வயர், அதாவது மறை முனை, தாச்சிக்கு. சிவப்பு வயர் பலியாகப் போகும் சாதாரண இரும்புத் தகட்டுக்கு. மாற்றிக் கொடுத்தால் தாச்சிதான் கரையும். தாச்சியில் கிளிப் கடிக்கும் இடத்தை இரும்பு மின்னும்வரை தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் கரண்ட் ஓடாது. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது.

பலித் தகடாக எவர்சில்வர் ஒருபோதும் வைக்கக் கூடாது. அதிலுள்ள குரோமியம் கரைந்து நச்சுக் குரோமியமாகத் தண்ணீரில் சேரும். நாகம் (துத்தநாகம்) பூசிய தகரமும் வேண்டாம். தாச்சியிலிருந்து கிளம்பும் குமிழ்கள் ஐதரசன், தீப்பற்றும். பல்கனியிலோ முற்றத்திலோ செய்யுங்கள், காஸ் அடுப்புள்ள குசினிக்குள் வேண்டாம். வயர் எல்லாம் கொடுத்த பிறகு சுவிட்சைப் போட்டு, கையை விட முதல் சுவிட்சை நிறுத்த வேண்டும். மின்சாரம் பலித் தகட்டை நோக்கிய பக்கத்தில்தான் நன்றாக வேலை செய்யும். ஆகவே ஆறு மணித்தியாலத்தில் தாச்சியைத் திருப்பி, மொத்தம் பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணித்தியாலம் விடுங்கள். சிவப்புத் துரு கறுத்த பொடியாகி, தும்பால் தொட்டாலே உதிரும்.

கிரைண்டர், ட்ரில்லில் மாட்டும் கம்பிச் சில்லு பற்றி நிறையக் கேட்கிறார்கள். வேண்டாம். கிரைண்டர் வரி போட்டுவிடும். கம்பிச் சில்லு மேற்பரப்பைக் கண்ணாடியாக மினுக்கிவிடும், அதில் எண்ணெய்ப் படை பிடித்து நிற்கச் சிரமப்படும்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெகிவளை என்று கடலோர ரயில் பாதைக்கு அருகில் வருடக்கணக்காகக் கிடந்த தாச்சிக்கு ஒரு மேலதிக வேலை உண்டு. கடற்காற்றின் உப்பு துருவின் அடியில் இருக்கும். துரு எடுத்த பிறகு, சிறிது வோஷிங் சோடா கலந்த தண்ணீரில் அரை மணித்தியாலம் கொதிக்கவைத்து ஊற்றிவிட்டு, நல்ல தண்ணீரில் இன்னும் இரண்டு முறை அப்படிச் செய்யுங்கள். இதைச் செய்யாமல் எண்ணெய் ஏற்றினால் கறுப்புப் படைக்கு நடுவே செம்புள்ளிகள் எழும்பும். பழியெல்லாம் எண்ணெய் மேல் போகும்.

துரு போன இரும்பு சாம்பல் நிறத்தில் அம்மணமாக இருக்கும். இந்த ஊர்க் காற்றின் ஈரத்துக்குச் சில நிமிடங்களிலேயே மஞ்சள் படரத் தொடங்கும். கழுவியவுடன் துடைத்து, சிறு நெருப்பில் பத்து நிமிடம் வைத்து ஈரம் முழுக்க விரட்டி, சூட்டோடு எண்ணெய் தொட்டுவிட வேண்டும். மழைநாளில் இந்த வேலையைத் தொடங்காமலிருப்பது உத்தமம்.

பழக்குவது: எந்த எண்ணெய்?

தாச்சியைப் பழக்குவது என்றால் மெல்லிய எண்ணெயைச் சூட்டால் காயவைத்து, கழுவினாலும் போகாத கெட்டிப் படலமாக்குவது. பெயின்ட் காய்வது போலத்தான். எல்லா எண்ணெயும் அப்படிக் காயாது. எவ்வளவு காயும் என்பதை அயடின் எண் என்ற அளவு காட்டும். சூரியகாந்தி எண்ணெய்க்கு அது 118 முதல் 141 வரை, சோயாவுக்கும் ஏறத்தாழ அவ்வளவே. நல்லெண்ணெய்க்கு 104 முதல் 120 வரை. நம் வீடுகளில் எப்போதும் இருக்கும் தேங்காயெண்ணெய்க்கு வெறும் 6 முதல் 11.

அதுதான் சங்கதி. தேங்காயெண்ணெய் காயாத எண்ணெய். அதை மட்டும் பூசிப் பூசிச் சூடாக்கினால் படலம் கட்டாமல் புகைந்துபோகும், அல்லது மேலே எண்ணெயாகவே நிற்கும். "எத்தனை தரம் பழக்கியும் அப்பம் ஒட்டுது" என்கிற வீடுகளில் முதலில் கேட்க வேண்டியது எந்த எண்ணெய் என்றுதான். பழக்குவதற்குச் சூரியகாந்தி அல்லது நல்லெண்ணெய் எடுங்கள். பழகிய பிறகு சமையலுக்குத் தேங்காயெண்ணெய் தாராளமாகப் பாவிக்கலாம். ஆளி விதை எண்ணெய் நன்றாகக் காயும், ஆனால் படலம் முறுகலாகிச் செதிலாய் உரிவதாகப் பலர் சொல்கிறார்கள். தளபாடத்துக்குப் பூச ஹாட்வெயார் கடையில் விற்கும் "கொதிக்கவைத்த" லின்சீட் எண்ணெயைச் சமையற் சாமானில் தொடவே கூடாது. விரைவாகக் காயவைக்க அதில் கோபால்ட், மங்கனீசு போன்ற உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள்.

ஓவன் உள்ளவர்களுக்கு முறை இது. தாச்சியைக் கை பொறுக்காத சூட்டுக்குக் கொண்டுவந்து, 30 சென்ரிமீற்றர் தோசைக்கல்லுக்கு அரைத் தேக்கரண்டி எண்ணெய் விட்டு, உள், வெளி, விளிம்பு, கைப்பிடி எல்லாம் தேயுங்கள். பிறகு நூல் உதிராத புதுத் துணியால், எண்ணெய் பூசிய அடையாளமே தெரியாத அளவுக்குத் துடையுங்கள். இந்தத் துடைப்பில்தான் எல்லாம் இருக்கிறது. ஓவனில் கவிழ்த்து வைத்து, 230 பாகையில் ஒரு மணித்தியாலம் விட்டு, உள்ளேயே ஆறவிடுங்கள். மூன்று அல்லது நான்கு முறை. முதல் முறையில் செம்பு நிறம் வரும், மூன்றாவதில் கறுக்கும். மேசை ஓவன்கள் பல, முள் காட்டும் சூட்டைத் தொடுவதில்லை. முப்பது பாகை குறைந்தாலும் படலம் பிசுபிசுக்கும், ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்குவது வீண் செலவல்ல. புகை வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஒட்டுகிறது, தேன் நிறத்தில் வழிந்த அடையாளம் இருக்கிறது என்றால் எண்ணெய் கூடிவிட்டது. மேலும் எண்ணெய் பூசாமல் இன்னொரு மணித்தியாலம் அதே சூட்டில் வையுங்கள். அப்படியும் தீராவிட்டால் தும்பால் தேய்த்து எடுத்துவிட்டுத் திரும்பப் பூச வேண்டும்.

ஓவன் இல்லாவிட்டால் காஸ் அடுப்பில் செய்யலாம், ஆனால் காஸ் வளையம் நடுவை மட்டும்தான் சுடும். வார்ப்பிரும்பு சூட்டைக் கடத்துவதில் அலுமினியத்தின் கால்பங்குதான். கல்லை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றி, ஓரங்களும் புகைவிடும்வரை பிடிக்க வேண்டும். அப்பத் தாச்சிக்குச் சிரட்டைக் கரித் தணல் அருமையாக அமையும், குழிந்த பக்கங்களுக்கும் சூடு ஏறும். 2022 காஸ் தட்டுப்பாட்டில் எடுத்த கரியடுப்பு இன்னும் வீட்டில் இருந்தால் இதற்குப் பாவியுங்கள். விசிறக் கூடாது. இரும்பு சிவக்கும் அளவுக்குப் போனால் மேலே சொன்ன செங்கல் நிறம்தான் மிஞ்சும்.

புதுத் தாச்சியில் தேங்காய்ப்பூவைக் கருக வறுத்துக் கொட்டும் நம் வழக்கம் அர்த்தமுள்ளது. பூ மூலைமுடுக்கெல்லாம் எண்ணெயைத் தடவிக்கொண்டே போகும், அதோடு மிச்ச இரும்புப் பொடியையும் வாசத்தையும் எடுக்கும். வெங்காயத் தோலும் அதே வேலை செய்யும். சூரியகாந்தி எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி சேர்த்து, சிறு நெருப்பில், பூ கறுக்கும்வரை இருபது நிமிடம் விளிம்புவரை பிரட்டுங்கள். இதை மட்டும் செய்து முழுப் படலத்தையும் எதிர்பார்க்க வேண்டாம். ஓவனில் பழக்கிய பிறகு கடைசிப் படியாகச் செய்வதே நல்லது.

முதல் மாதம்

முதலில் பொரியுங்கள்: வடை, பப்படம், கத்தரிக்காய்ப் பொரியல். அப்பத் தாச்சியில் முதல் இரண்டு மூன்று அப்பம் பிய்ந்துதான் வரும், அது இயல்பு. அதற்குப் பிறகும் ஒட்டினால் பெரும்பாலும் காரணம் தாச்சியில் இல்லை. மாவில் சீனி கூடினால் கருகி ஒட்டும். தாச்சி சூடாக முதல் ஊற்றினால் ஒட்டும். ஊற்றிய மாவு "சுர்" என்று சொல்லி ஓரத்தில் உடனே பொரிய வேண்டும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த மாவை நேரே ஊற்றினால் இரும்பின் சூடு அடங்கி ஒட்டும். ஒவ்வொரு அப்பத்துக்கும் எண்ணெய் ஊற்றாமல், எண்ணெய் தொட்ட துணிப் பொட்டலத்தால் ஒரு தடவல் போதும். தோசைக்கல்லுக்குப் பாதி வெங்காயம்.

சப்பாத்தி, றொட்டி சுடும் கல்லைத் தோசைக்குப் பாவிக்காதீர்கள். வெறும் சூட்டில் நெடுநேரம் காய்ந்தால் படலம் எரிந்துபோகும், சிதறிய மாவும் கருகிப் பிடிக்கும். புளிக்குழம்பு, தக்காளிக் குழம்பு, தேசிப்புளி விட்ட சொதி எல்லாம் முதல் ஆறு மாதத்துக்கு மண்சட்டியிலேயே இருக்கட்டும். சூடு பார்க்கக் கல்லில் நாலு துளி தண்ணீர் தெளிப்பதில் பிழையில்லை. காய்ந்த கல்லில் ஒரு கோப்பை பச்சைத் தண்ணீரை ஊற்றினால் அது வெடிக்கலாம். அதேபோல இன்டக்‌ஷனில் எடுத்தவுடன் முழு வேகம் வைக்காமல், குறைந்த அளவில் ஐந்து நிமிடம் விட்டுக் கூட்டுங்கள்.

கழுவும்போது இன்றைய பாத்திரம் கழுவும் திரவம் சில துளி பாவித்தால் நன்கு பழகிய படலத்துக்கு ஒன்றும் ஆகாது. மணல்போல் தூள் கலந்த கட்டிச் சவர்க்காரந்தான் அதைச் சுரண்டும். கழுவி, அடுப்பில் காயவைத்து, மாதக்கணக்கில் வைக்கப் போவதென்றால் மேலே தேங்காயெண்ணெய் ஒரு தடவல். காயாத எண்ணெய் என்பதால் பிசுபிசுக்காது, விரைவில் சிக்கு வாடையும் பிடிக்காது. பழக்குவதற்கு ஆகாத அதே குணம் இங்கே உதவுகிறது. கவிழ்த்து வைக்காமல், மூடி போடாமல், ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தால் நடுவில் கடதாசி வைத்து, சிங்க் அடி அலுமாரியைத் தவிர எங்கும் வைக்கலாம்.

கொடுக்கும்போது

அம்மம்மாவின் தாச்சி பேத்திக்குப் போகும்போது சாமான் போகிறது, ஆனால் அதை எப்படிப் பாவித்தார் என்பது பெரும்பாலும் போவதில்லை. போய்ச் சேர்ந்த வீட்டில் முதல் நாளே ஸ்டீல் வூலால் மினுக்கித் தேய்த்துவிடுகிறார்கள். ஆகவே கொடுக்கும்போது சமைக்கத் தயாராகப் பழக்கியே கொடுங்கள், துருவோடு "நீங்களே பார்த்துச் செய்யுங்கோ" என்று கொடுக்காதீர்கள். கூடவே ஒரு அட்டையில் எழுதுங்கள்: எதற்குப் பாவித்தது, எந்த எண்ணெயில் பழக்கியது, எத்தனை முறை, எந்த மாதம், தட்டிப் பார்த்ததில் வெடிப்பு இல்லை என்பது, யாருடைய கையிலிருந்து வந்தது என்பது. கடைசி விவரம் உணர்ச்சிக்காக மட்டுமல்ல. ஈயம் உருக்கிய சட்டியா என்று பிறகு ஒருவர் யோசிக்கும்போது அதுதான் பதில்.

பித்தளை, எவர்சில்வர் பாத்திரங்களில் பேர் வெட்டுவது போல வார்ப்பிரும்பில் வெட்டப் போகாதீர்கள். உளி அடியில் விளிம்பு தெறிக்கும். அட்டை போதும்.

யாருக்குக் கொடுப்பது என்பதையும் யோசிக்க வேண்டும். அடி உருண்ட அப்பத் தாச்சி கண்ணாடி அடுப்பிலும் இன்டக்‌ஷனிலும் உட்காராது. ரொறன்ரோவிலோ லண்டனிலோ காஸ் அடுப்பு இல்லாத வீட்டுக்கு அதை அனுப்பினால் அங்கும் பரணுக்குத்தான் போகும். அவர்களுக்குத் தட்டைத் தோசைக்கல்லை அனுப்பி, தாச்சியை இங்கே காஸ் உள்ள வீட்டுக்குக் கொடுப்பது நியாயம். மணிக்கட்டு நோவுள்ளவர்களுக்குப் பெரிய கல் வேண்டாம். 30 சென்ரிமீற்றர் அகலமும் 6 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள கல், கைப்பிடியை விட்டாலே 3 கிலோ வரும்.

விமானத்தில் அனுப்பினால் அந்த எடையைப் பயணப் பொதியின் கணக்கில் முதலே சேர்த்துக்கொள்ளுங்கள். கைப்பையில் கொண்டுபோனால் சோதனையில் மறிக்கக்கூடும். முதலில் உடைவது கைப்பிடியின் அடியும் காதும்தான். அவற்றைத் தனியாகத் துணியால் தடிப்பாகச் சுற்றிய பிறகுதான் முழுவதையும் சுற்ற வேண்டும். எண்ணெய்த் தடவலைத் துடைத்து, கடதாசி சுற்றி, உடுப்புகளுக்கு நடுவில், பெட்டியின் சில்லுப் பக்கத்திலிருந்து தள்ளி வையுங்கள். பெட்டியைப் பூட்டிவிட்டு ஒருமுறை தூக்கி ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது தட்டுகிற சத்தம் கேட்டால் திரும்பத் திறந்து இன்னும் இரண்டு துவாய் வைக்க வேண்டும்.